யானைக்கால் நோயும் ஐஜிஜி4-உம்: சென்னையின் உயிரணு ஆய்வு, பினாங்கின் சோதனைப் பட்டை

நோயெதிர்ப்பு அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறார்கள். மேலைநாட்டு ஆய்வகம் ஒன்று உயிரணுக்களின் சைகைப் பரிமாற்றத்தைக் கண்டறியும். பல ஆண்டுகள் கழித்து வெப்பமண்டல நாடு ஒன்று அந்த அறிவைக் கொண்டு ஒரு சோதனைக் கருவியைச் செய்துகொள்ளும். யானைக்கால் நோய் விஷயத்தில் இந்த வரிசை ஆண்டுக் கணக்குக்கே ஒத்துவரவில்லை. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ரஹ்மா நோர்டின் குழு உருவாக்கிய 'புருகியா ரேப்பிட்' சோதனைப் பட்டையின் மதிப்பீடு 2001-இல் வெளிவந்தது. அந்தச் சோதனை தேடுவது ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருளை. நோயாளியின் உடல் அதை ஏன் அவ்வளவு குவிக்கிறது என்பதற்கான உயிரணு விளக்கத்தின் முக்கியப் பகுதிகள் பல 2005 முதலே வந்தன. அவற்றில் கணிசமான பங்கு சென்னையில் பணியாற்றும் சுபாஷ் பாபுவின் ஆய்வுகளைச் சேர்ந்தது. ஆகவே பினாங்கின் பட்டையை அடிப்படை ஆய்வின் வால்பகுதியாகக் கருதுவது தவறு என்பதே என் வாதம். ஒரே உயிரியல் நிகழ்வைச் சென்னை உயிரணுவுக்குள் படித்தது, பினாங்கு மக்கள்தொகைக்குள் படித்தது.

நோயின் இயல்பைப் பார்த்தால் இது விளங்கும். நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழும் முதிர்ந்த புழு ஆயிரக்கணக்கான நுண்புழுக்களை ரத்தத்தில் விடுகிறது. கால் வீங்கியவர்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார். ஆனால் நோயைப் பரப்புபவர் பெரும்பாலும் வீக்கமோ வலியோ இல்லாமல், ரத்தம் முழுக்க நுண்புழுவுடன் நடமாடுபவர். கால் வீங்கியவரின் ரத்தத்தில் பல சமயம் நுண்புழுவே அகப்படாது. ரத்தத்தில் புழு நிறைந்தவரின் டி அணுக்கள் அதே புழுவின் புரதத்தை எதிர்கொள்ளும்போது ஏறக்குறைய வாய்மூடி இருக்கின்றன. வீக்கம் கண்டவரின் டி அணுக்களோ கொதிக்கின்றன. இந்த மௌனம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் அரை நூற்றாண்டு ஆய்வை இழுத்துச் சென்றது. இந்தியாவில் பெரும்பான்மை நோய்க்குக் காரணம் வுச்செரீரியா பான்கிராஃப்டி. மலேசியாவிலும், கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியிலும் கவலை தந்தது புருகியா மலாயி. 1927-இல் விவரிக்கப்பட்டபோதே மலாய் உலகின் பெயரைப் பெற்ற புழு அது.

1985-இல் எரிக் ஓட்டெசனும் கூட்டாளிகளும் ஒரு விந்தையைப் பதிவு செய்தார்கள். நலமாக உள்ளவரின் ரத்தத்தில் ஐஜிஜி வகையில் சில விழுக்காடே இருக்கும் ஐஜிஜி4, யானைக்கால் நோயாளிகளிடம் புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களில் முதலிடம் பிடித்திருந்தது. 1988-இல் லால், ஓட்டெசன் இருவரும் இதன் நடைமுறைப் பயனைக் காட்டினர்: மொத்த ஐஜிஜி-யை அளந்தால் வேறு குடற்புழுக்களும் குழப்பும், ஐஜிஜி4-ஐ மட்டும் அளந்தால் அந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். 1990-இல் குவான்-லிம், ஃபோர்சித், மெய்ஸல்ஸ் ஆகியோர் அது நடப்புத் தொற்றோடு ஒத்துப்போவதை எழுதினர். இத்தனைக்கும் ஐஜிஜி4 போர்க்குணமில்லாத எதிர்ப்பொருள். நிரப்புப் புரதங்களை அது தூண்டுவதில்லை. அதன் இரு கைகளும் வெவ்வேறு இலக்கைப் பிடிக்கும்படி பாதிகளை மாற்றிக்கொள்ளும் என்பது 2007-இல்தான் தெளிவானது. ஒவ்வாமையை மூட்டும் ஐஜிஇ உட்கார வேண்டிய இடத்தை இது முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. புழுவைக் கொல்லாமல், புழுவோடு சண்டையில்லாமல் வாழ உடல் செய்துகொண்ட ஏற்பாடு என்றே இதைச் சொல்லலாம். நோயாளியிடம் ஐஜிஜி4 மிகுவது தெரிந்த பிறகும், எதிர்ப்பொருளைச் செய்யும் பி அணுவை எந்தச் சைகை அதன் பக்கம் திருப்புகிறது என்பது 1990-இல் திறந்த கேள்வியாகவே இருந்தது.

இந்த நிலையில்தான் மலேசியக் குழு வேலையைத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் கிளந்தான் மருத்துவ வளாகத்தில் வேர்விட்ட ஆய்வு, 2003-இல் தொடங்கப்பட்ட மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகம் வழியாகப் பினாங்கின் மிண்டன் வளாகத்தில் நிலைபெற்றது. அவர்களைத் தூண்டிய நெருக்கடி எளிமையானது. பான்கிராஃப்டி புழுவின் ஆன்டிஜெனை விரலில் எடுத்த ஒரு துளி ரத்தத்திலேயே காட்டும் அட்டை 1997 வாக்கில் கிடைத்துவிட்டது. புருகியாவுக்கு அப்படி எதுவும் இல்லை. நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் வீடு வீடாகப் போய்த் தூங்குபவரை எழுப்பி ரத்தம் எடுப்பதே வழி, ஏனெனில் இரவில் நடமாடும் நுண்புழு பகலில் புற ரத்தத்துக்குப் பெரும்பாலும் வருவதில்லை. ரஹ்மாவின் குழு பிஎம்ஆர்1 என்ற மறுசேர்க்கைப் புரதத்தை நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் ஒரு கோடாகப் பதித்தது. நோயாளியின் சீரம் பட்டையில் ஏறும்போது புழுவை அறிந்த எதிர்ப்பொருள்கள் எல்லாம் அக்கோட்டில் ஒட்டும். அடுத்து வரும் பொன்துகள் பூசிய வினைப்பொருள் ஐஜிஜி4-ஐ மட்டுமே பிடிக்கும். பிடித்தால் செங்கோடு தெரியும், அரை மணி நேரத்துக்குள் விடை. முழுச் சோதனையின் சாமர்த்தியமும் அந்த இரண்டாம் படியில் இருக்கிறது: புழுவைக் கண்டதா என்று மட்டும் கேட்காமல், கண்டபின் உன் உயிரணுக்கள் எந்த முடிவுக்கு வந்தன என்று அது உடலிடம் கேட்கிறது. 2001 மதிப்பீட்டில் ஆலப்புழையின் ஷெனாய், சென்னையின் வ. குமாரசாமி, மலேசியாவின் சி. பி. ராமச்சந்திரன் ஆகியோரும் பங்கேற்றனர். புருகியா நோயாளிகளிடம் அது 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் பேசியது, 2003-இல் பல நாட்டு ஆய்வகங்களிலும் அதன் பெயர் நிலைத்தது. சென்னையும் பினாங்கும் ஒரே கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அமர்ந்தது தற்செயல் அல்ல.

அந்தச் சென்னையின் பின்னணியைச் சொல்ல வேண்டும். சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்தாய்வுக்காகத் தொடங்கிய மையம் பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என அறியப்படுகிறது. குமாரசாமி அங்கிருந்து யானைக்கால் நோய்க்கு ஐவர்மெக்டினைச் சோதித்த ஆய்வு 1988-இல் வந்தது. 1993-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகத்தின் தாமஸ் நட்மன் குழுவும் குமாரசாமியும் சேர்ந்து, அமைதியான நோயாளியிடம் ஒழுங்குபடுத்தும் தன்மையுள்ள இரண்டாம் வகை டி அணுக்கள் மேலோங்குவதைக் காட்டினர். சுபாஷ் பாபு வந்து சேர்ந்தது இந்தத் தொடரில். அவருடைய முதல் கட்ட ஆய்வு கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டி. வி. ராஜனோடு, பொருள், எலிகளில் புருகியா மலாயி. காமா-இன்டர்ஃபெரான், ஐஎல்-4 என்னும் இரு செய்திப் புரதங்களின் பங்கை 2000-இல் எழுதியவர், பிறகு எலியை விட்டு மனிதருக்கு வந்தார். 2005-இல் நோயாளிகளின் அணுக்களில் கிருமிகளை உணரும் டோல் ஏற்பிகள் எண்ணிக்கையிலும் செயலிலும் குறைந்திருப்பதையும், 2006-இல் டி அணுக்களிலேயே அதே குறைவு இருப்பதையும் வெளியிட்டார். அதே ஆண்டு உயிருள்ள புழுவையே நோயாளியின் அணுக்களோடு வைத்துப் பார்த்தபோது டி அணுக்களின் முதல் வகை, இரண்டாம் வகை என்னும் இரு பாதைகளும் தடைபடுவது தெரிந்தது. 2009-இல் இரண்டு முடிவுகள்: நுரையீரலில் காசநோய் உறங்குபவருக்குப் புழுவும் இருந்தால் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற தடுப்பு ஏற்பிகளின் வழியாகப் பதில்வினை தணிகிறது, கால் வீங்கியவரிடமோ டி அணுக்களின் முதல் வகையும் பதினேழாம் வகையும் பொங்கி, அடக்கும் அணுக்கள் குறைந்து நிற்கின்றன. பிடி-1 அதற்குப் பிறகுதான் புற்றுநோய் மருந்துகளால் ஊரறிந்த பெயரானது. சேத்துப்பட்டு ஆய்வர்கள் அதைப் புழுவிடம் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இங்கே எழக்கூடிய முதல் ஆட்சேபம்: பின்னால் கிடைத்த விளக்கத்தை முன்னால் வந்த கருவிக்குப் பொருத்துவது வரலாறு ஆகுமா? ரஹ்மாவின் குழு சைகைப் பாதையை அறிந்து பிஎம்ஆர்1-ஐத் தேடவில்லையே? உண்மைதான். சைகைப் பாதையின் விவரம் அவர்களுக்கு வேண்டியிருக்கவும் இல்லை. ஆனால் ஐஜிஜி4-ஐ மட்டும் வடிகட்டும் முடிவு ஓட்டெசன் 1985-இல் கண்ட அதே விந்தையின் மேல் நின்றது. பாபுவின் ஆய்வுகளும் அந்த விந்தைக்குப் பின்னால் இருந்த அதே மௌனத்தைத்தான் விளக்க முயன்றன. ஒன்று மற்றொன்றுக்குத் தாய் என நான் சொல்லவில்லை. இரண்டாம் ஆட்சேபம் கூர்மையானது. 2006-இன் முடிவுப்படி இரண்டாம் வகைப் பாதையும் தடைபட்டால், அந்தப் பாதையின் ஐஎல்-4 தேவைப்படும் ஐஜிஜி4 எப்படி மிகும்? விடை ஐஎல்-10 என்னும் இன்னொரு செய்திப் புரதத்தில் இருக்கிறது. ஐஎல்-4 தூண்டும்போது ஐஎல்-10-உம் சேர்ந்தால் ஐஜிஇ குறைந்து ஐஜிஜி4 மிகக்கூடும் என 1998-இல் ழான்னின் குழு காட்டியிருந்தது. 2008-இல் சத்தோகினா குழு, ஒழுங்குபடுத்தும் டி அணு பி அணுவைத் தொட்டுக்கொண்டே ஜிஐடிஆர் ஏற்பி, ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா ஆகியவற்றின் வழி இதைச் செய்கிறது என்றது. தூண்டுதல் மங்கி அடக்குதல் ஓங்கும்போது ஐஜிஜி4 வளர்வதில் முரண் இல்லை. இரு ஊர்களின் புழுக்கள் வேறானவை என்ற மூன்றாம் ஆட்சேபத்துக்கு அதிக இடம் தேவையில்லை. ஐஜிஜி4 இரண்டிலும் மிகுகிறது. அதனால்தான் அதே குழு பிஎம்ஆர்1-உடன் பிஎம்எஸ்எக்ஸ்பி என்ற புரதத்தைச் சேர்த்து இரண்டுக்கும் பொதுவான சோதனையைச் செய்ய முடிந்தது.

கடினமான ஆட்சேபம் களத்திலிருந்து வருகிறது. எதிர்ப்பொருள் புழு செத்த பிறகும் தங்கும். அப்படியானால் நேர்மறைக் கோடு இன்றைய தொற்றைச் சொல்கிறதா, பழைய சந்திப்பையா? மற்ற ஐஜிஜி வகைகளைவிட ஐஜிஜி4 சிகிச்சைக்குப் பிறகு வேகமாகக் குறைவது ஓரளவு ஆறுதல், முழு விடை அல்ல. முழு விடை கேள்வியை மாற்றுவதில் கிடைத்தது. 1997-இல் உலக நலவாழ்வுப் பேரவை நோயொழிப்பைத் தீர்மானமாக்கி, 2000 முதல் கூட்டு மருந்து வழங்கல் உலகளவில் நடந்தது. மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதற்கான 2011 வழிகாட்டியில் புருகியா பகுதிகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது இந்தச் சோதனைதான்; அதன்படி சோதிக்கப்பட வேண்டியவர்கள் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள். வாழ்நாளின் பெரும்பகுதியை மருந்து வழங்கல் காலத்தில் கழித்த குழந்தையிடம் நெடுநாள் பழைய சந்திப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு மனிதரின் நோயைக் கணிப்பதில் குறையாக நின்ற பண்பு, ஓர் ஊரின் பரவலை அளப்பதில் வலிமையாகிவிட்டது. எஞ்சும் சிக்கல் மலேசியாவில் தெளிவாகத் தெரிகிறது. சதுப்புக் காடுகளின் இலைக் குரங்குகளும் வீட்டுப் பூனைகளும் புருகியா மலாயியைச் சுமக்கின்றன. பூனைகளில் புருகியா பகாங்கியும் உண்டு. சதுப்பில் வளரும் மான்சோனியா கொசு குரங்கைக் கடித்துவிட்டுக் குழந்தையையும் கடிக்கும். குழந்தையின் உயிரணுக்கள் புழுவைச் சந்தித்து அமைதி காத்தன என்பதைச் செங்கோடு சொல்லிவிடும். அந்தப் புழு குரங்கிடமிருந்து வந்ததா, பக்கத்து வீட்டு மனிதரிடமிருந்து வந்ததா என்பதை அறியக் கொசுவையும் குரங்கின் ரத்தத்தையும் மரபணு முறையில் சோதிக்க வேண்டியிருக்கிறது. அதுவரை மனிதருக்கு மருந்து கொடுத்து முடித்த கிராமத்தில் கிடைக்கும் ஒரு நேர்மறை முடிவை எப்படிப் படிப்பது என்பதில் ஒழிப்புத் திட்டத்தாருக்குள் கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.