தூண்டலும் தொடக்கக் கணமும்

மூளையில் மொழி செயற்படும் விதத்தை ஆராயும் சோதனைகள் பலவும் ஒரு சிறு மின்துடிப்பை நம்பியிருக்கின்றன. திரையில் ஒரு சொல் தோன்றும் கணத்தில் கணினியிலிருந்து இஇஜி கருவிக்கு அத்துடிப்பு செல்கிறது. ஆய்வகங்களில் அதற்கு 'ட்ரிகர்' என்று பெயர். அந்த ஏற்பாட்டின் முன்வரலாறு மொழியியலுக்கு வெளியே, தவளையின் நரம்பில் இருக்கிறது.

1922-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் காஸரும் ஜோசப் எர்லாங்கரும் நரம்பின் மின்துடிப்பைக் கேதோடு கதிர்க் குழாயில் பதிவுசெய்தனர். துடிப்பு சில மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும். கதிர் ஒருமுறை வரையும் கோடோ படத்தில் பதியாத அளவுக்கு மங்கல். ஆகவே, நரம்பைத் தூண்டுவதையும் கதிரின் ஓட்டத்தையும் ஒன்றோடொன்று பிணைத்தனர். ஒவ்வொரு தூண்டலிலும் கதிர் அதே இடத்திலிருந்து புறப்பட்டது. கோட்டின்மேல் கோடு படிந்து உருவம் தெளிந்தது. நரம்பிழைகள் வெவ்வேறு வேகங்களில் இயங்குவதை இவ்வழியில் கண்ட அவ்விருவருக்கும் 1944-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

மனித மூளையில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. தேடப்படும் மறுமொழி, மூளையின் இடையறாத அலைகளைவிடச் சிறியது. லண்டனில் ஜார்ஜ் டாசன் 1947-இல் கைநரம்பைத் தூண்டிப் பெற்ற பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 1950-களின் தொடக்கத்தில் அவற்றின் சராசரியைக் காணும் கருவியையும் அமைத்தார். தூண்டலோடு பிணைந்த மறுமொழி சராசரியில் நிலைக்கும்; பிணையாத இரைச்சல் தேயும். நூறு பதிவுகளின் சராசரியில் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

1980-இல் மார்ட்டா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் வாக்கிய இறுதியில் பொருளுக்கு ஒவ்வாத சொல்லை வைத்து, ஏறத்தாழ 400 மில்லிசெகண்டில் உச்சம் தொடும் எதிர்மின் அலையைக் கண்டனர். 'என்400' எனப்படும் அதுவும் சராசரியிலிருந்து எழுந்ததே.

துடிப்பு ஒரே அளவில் தாமதித்தால் அதைக் கழித்துவிடலாம். தாமதம் முறைக்கு முறை மாறினால் உச்சம் பரவித் தட்டையாகும். கருவியின் பிழை, வாசகரின் புரிதல் குறைவாகத் தோற்றமளிக்கும்.

பேச்சொலியில் இன்னொரு கேள்வி எழுகிறது: துடிப்பைச் சொல்லின் எவ்விடத்தில் வைப்பது? 'மரத்தை', 'மரத்தால்' இரண்டும் 'மரத்த்' வரை ஒன்றே. வேற்றுமை உருபை ஆராய்பவர் சொல்லின் முதலொலியைத் தொடக்கமாகக் கொண்டால், சொற்களின் நீளம் மாறுவதால் உருபுக்குரிய மறுமொழி மங்கும். தொடக்கக் கணத்தை இங்கே இலக்கணப் பகுப்பாய்வே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.