ராஜகிரி ஏறாத நண்பன்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது செஞ்சிக் கோட்டையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். மொகலாயர் முற்றுகை 1690 முதல் 1698 வரை நீடித்ததும், 1714-இல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டதும் நம் வரலாற்றுத் துறையினருக்குப் புதிதல்ல. ஆகவே அந்தக் கோட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒருவனைப் பற்றி எழுதுகிறேன்.

எண்பதுகளில் எங்கள் வகுப்பு செஞ்சிக்குச் சுற்றுலா போனது. எங்களோடு படித்த நண்பன் ஒருவனுக்குச் செஞ்சிதான் சொந்த ஊர். போலியோவால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவன். காலில் காலிப்பர், கக்கத்தில் கட்டை. கல்யாண மகால் வரை வந்தான். "நீங்க ஏறிட்டு வாங்கடா, சாப்பாட்டு மூட்டையை நான் பாத்துக்கறேன்" என்றான். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் ராஜகிரி உச்சியைப் பார்த்ததே இல்லை. ஆனால் உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் போட்டிருக்கும் பாலத்தைப் பற்றித் தேர்வில் எங்கள் எல்லோரையும்விட நன்றாக எழுதியவன் அவன்தான்.

கல்லூரியில் எங்கள் வகுப்பு மாடியில். தினமும் இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போவோம். அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. நாற்பது வருஷம் கழித்து அவன் சொன்னது வேறு. "நீங்க தூக்கினது பாசம்தான்டா, இல்லேன்னு சொல்லலை. ஆனா காலையில யாரு வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது எனக்குத்தான் தெரியும். பாத்ரூம் போக முடியாதுன்னு சாயங்காலம் வரை தண்ணி குடிக்க மாட்டேன்." எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

தரைத்தளத்தில் வகுப்பு வேண்டும் என்று அவன் ஏன் கேட்கவில்லை? கேட்பதற்கு அன்று சட்டம் இல்லை. இந்தக் கதை நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருடைய சுவாச இயந்திரத்துக்கு ஹாஸ்டலில் இடமில்லாமல், வளாகத்து ஆஸ்பத்திரியில் தங்கிப் படித்தார். பின்னால் அங்கே வந்து சேர்ந்த மற்ற மாற்றுத்திறனாளி மாணவர்களோடு சேர்ந்து அவர் எழுப்பிய குரல்தான் உரிமை இயக்கமாக வளர்ந்தது. 1990-இல் அந்நாட்டில் விரிவான சட்டமே வந்தது.

நம் நாட்டில் 1995-இல் நிறைவேறிய சட்டம் 1996 பிப்ரவரி 7 முதல் அமலானது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் 3 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. இடம் கிடைத்தது, மாடிப்படி அப்படியேதான் இருந்தது. 2007-இல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதையொட்டி வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. உயர்கல்வி ஒதுக்கீடு 5 சதவீதமானது. குறைபாட்டு வகைகள் 7-லிருந்து 21 ஆயின. கட்டடமும் வளாகமும் எல்லோரும் புழங்கும்படி இருக்க வேண்டும், ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும் என்பது கல்வி நிறுவனத்தின் கடமையாயிற்று.

தம்பி தங்கைகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு நெறிமுறைகளில், சொல்லச் சொல்ல எழுதுபவரை வைத்துக்கொள்ளவும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் பெறவும் வழி செய்யப்பட்டது. அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு இன்னும் ஒரு மணி. 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் எழுத ஆள் தரமுடியும் என்று சொல்வது சரியல்ல என உச்ச நீதிமன்றம் 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இழுத்துப் பிடிக்கும் கோளாறு உள்ள ஒருவர் தொடுத்த வழக்கு அது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் இடம்பெற்ற 12 மராத்தியர் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். எதிரி ஏறக்கூடாது என்று கட்டிய படிகள் அவை. ராஜகிரியை நாம் மாற்ற முடியாது. ஆனால் கல்லூரி எதிரியைத் தடுக்கக் கட்டியதில்லையே! ஒரு சாய்தளம், கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை, உள்ளே வண்டி திரும்புகிற அளவுக்கு ஒரு கழிப்பறை. இவற்றை நம் சங்கம் தர்மமாகக் கொடுக்க வேண்டாம். சட்டப்படி கேட்டு வாங்கித் தரட்டும். தேர்வு எழுதித் தர முன்வரும் மாணவர் பட்டியல் ஒன்றையும் தயாராக வைத்திருக்கட்டும்.

இந்த ஆண்டுச் சந்திப்புக்கு நண்பனும் வருகிறான், இப்போது சக்கர நாற்காலியில். கூட்டம் மாடி ஹாலில் என்று அழைப்பிதழில் இருந்தது. அவனே செயலாளருக்கு போன் பண்ணி, "கீழே வையுங்க சார்" என்றானாம். கீழே மாற்றிவிட்டார்கள். நாற்பது வருஷத்தில் அவன் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. இந்த முறை அவனைத் தூக்க யாரும் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச நாமெல்லாம் வந்தால் போதும்.