படத்தைத் திருப்புவதும் சுருக்குவதும்: ஒரு சிறு வரலாறு

பழைய மாணவர் குழுவில் பலரும் பள்ளிக் காலப் படங்களை நிமிர்த்தி, சுருக்கி அனுப்புகிறார்கள். இந்த வேலைக்குப் பின்னால் உள்ள வரலாற்றைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி, மொத்தம் 30,976. படம் எண்களாகிவிட்டது. எண்கள் என்றால் கணக்குப் போடலாம் அல்லவா?

90 டிகிரி திருப்புவது சுலபம். வகுப்பில் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைப்பது போலத்தான், ஒருவரும் குறைவதில்லை. 5 டிகிரி சாய்த்தால் புள்ளிகள் கட்டத்துக்குள் சரியாக உட்காரா. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துப் புது நிறம் கணக்கிட வேண்டும். அளவை மாற்றவும் இதே கணக்குத்தான். இதற்கு 1981-இல் ராபர்ட் கீஸ் ஒரு நல்ல வழிமுறை எழுதினார். 1990-இல் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பை அடோபி வெளியிட்டது. பிறகு இந்தக் கணக்கெல்லாம் ஒரு சொடுக்கில் அடங்கியது.

ஆனால் ஒன்று. 2000-க்கு 1500 புள்ளியுள்ள படத்தைப் பாதியாக்கினால் 30 லட்சம் புள்ளி ஏழரை லட்சமாகிவிடும். மறுபடி பெரிதாக்கினால் கணினி ஊகித்துத்தான் நிரப்பும். குழுப்படத்தில் கடைசி வரிசைப் பிள்ளையின் முகமே சில புள்ளிகள்தான். அது போனால் போனதுதான்.

எனவே மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நகலைச் சுருக்கி அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.