கப்பல் உடைப்பு: மாமல்லபுரக் கரையை முன்வைத்து

ஆயுள் முடிந்த கப்பலைத் துண்டு போட்டுப் பழைய இரும்பாக விற்கும் தொழில் கப்பல் உடைப்பு. இந்தியாவில் இது பெரிய அளவில் நடக்கும் இடம் குஜராத்தின் அலங். 1983 பிப்ரவரியில் அங்கே முதல் கப்பல் கரையேற்றப்பட்டது. மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் நீளமான கடற்கரை உண்டு. ஆனால் இந்தத் தொழில் மட்டும் அங்கே வரவில்லை.

முக்கியக் காரணம் ஓதம். அலங் இருக்கும் காம்பே வளைகுடாவில் நீர் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் உச்சத்தில் நிற்கும்போது கேப்டன் எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கப்பலைச் சேற்றில் ஏற்றிவிடுவார். நீர் வற்றியதும் அடிவயிறு தெரிய அது நிற்கும். எண்ணெயையும் வாயுவையும் வெளியேற்றிய பிறகு கேஸ் கட்டர் வேலை தொடங்கும். கனம் குறையக் குறைய வின்ச் சங்கிலி கப்பலை மேலே இழுக்கும். கட்டிலும் சமையல் பாத்திரமும் சாலையோரக் கடைகளுக்குப் போகும். இரும்புத் தகடு ஆலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகும்.

மாமல்லபுரத்தில் ஓதம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். இந்தப் பக்கம் கப்பல் கரையேறினால் அது விபத்து. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் சென்னை எலியட்ஸ் கடற்கரையில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் மூழ்கி இறந்தார்கள். கப்பலைக் கடலுக்குள் இழுக்கவே பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

உடைப்பதிலும் ஆபத்து உண்டு. பழைய கப்பல்களில் கல்நார் ஏராளம். அதனால்தான் அலங்குக்குப் புறப்பட்ட பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கிளமான்சோ 2006-ல் பாதி வழியில் திரும்ப நேர்ந்தது. இந்தியா 2019-ல் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் இயற்றியது. கப்பல் உடைப்புக்கான சர்வதேச ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. 2009-ல் ஏற்கப்பட்ட ஒன்றுக்கு இது நீண்ட தாமதம்.

ஓய்வுபெற்ற கப்பலை உடைக்காமல் காப்பதும் லேசான காரியமல்ல. மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த் 2012-ல் மூடப்பட்டு, 2014-ல் உடைப்புக்குப் போனது. அதன் எஃகில் ஒரு பங்கு பஜாஜ் வி மோட்டார் சைக்கிளில் சேர்ந்தது. மாமல்லபுரத்துக்கும் ஒரு கப்பல் வரவேண்டியிருந்தது. 1974 முதல் 2010 வரை கடற்படையில் இருந்த நீர்மூழ்கிக் கப்பல் வாக்லியை இங்கே காட்சிக்கு வைக்கத் தமிழக அரசு திட்டமிட்டது. சென்னைத் துறைமுகம் வரை வந்த வாக்லி அதற்குமேல் நகரவில்லை; திட்டம் கைவிடப்பட்டது. அதே ஃபாக்ஸ்ட்ராட் ரகத்தைச் சேர்ந்த குர்சுராவோ விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் 2002 முதல் டிக்கெட் வாங்கி வருவோரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது.