கல்லில் எழுதிய மடைப்பள்ளிக் கணக்கு

சீனப் பேரரசர்தம் விருந்துகளைக் கவனிக்கக் 'குவாங்லு' என்னும் தனி அலுவலகமே இருந்தது. அத்தகைய ஒழுங்கினை நாம் வாழும் திருப்பதியிலும் காண்கிறோம். இங்கோ விருந்து இறைவனுக்கு!

விசயநகரக் காலத்தில் அடியார் அளித்த பொன்னைத் திருமலைத் தானத்தார் ஏற்று, கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்களைத் திருத்தச் செலவிட்டனர். பெருகிய விளைச்சலால் திருப்போனகம் படைத்தனர். அரிசி, நெய், பயறு, தயிர் யாவும் மரக்கால், நாழி, உழக்கு எனக் கல்லில் ஏறின. படைத்ததில் நாலிலொரு பங்கு கொடையாளிக்கு. அதுவே 'விட்டவன் விழுக்காடு'. 1985இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்திற்கு முன்னோடி இவ்வறமே எனலாம்.

அக்கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழே. தெலுங்கு பயின்று வளரும் நம் மக்கள், தேவஸ்தானம் அச்சிட்ட தொகுதிகளிலேனும் அவற்றைப் படிப்பாராக! தமிழ் மறந்தால், இக்கணக்கை நம் வீட்டில் படிப்பவர் யார்?