துரைமார் விட்டுச்சென்ற தொப்பிகள்

பதுளையிலிருந்து புகைவண்டியில் மேலேறுபவர், பண்டாரவளையைக் கடந்து, தியத்தலாவையையும் அப்புத்தளையையும் காண்பர். இருமருங்கும் தேயிலைத் தோட்டங்கள். இடையிடையே துரைமாரின் பழைய பங்களாக்கள். அத்தகைய பங்களாக்களின் பெட்டகங்களில் துரைமார் விட்டுச்சென்ற பொருள்களுள் பட்டாளத்துத் தொப்பியும் ஒன்று. அதனைப் பழம்பொருள் என்று விலைபேசுவோர் உண்டு. வரலாற்று மாணவனுக்கோ அது ஒரு சான்று. சான்று பேசவேண்டுமாயின், அதனை விசாரிக்கும் முறை தெரிந்திருத்தல் வேண்டும்.

தோட்டத்துப் பங்களாவில் படைத்தொப்பிக்கு என்ன வேலை? தேயிலைத் துரைமாருட் பலர் படைவீரராகவும் இருந்தனர் என்பதே விடை. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்த 1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை என்னும் தொண்டர்படை தோன்றியது. ஐரோப்பியத் தோட்டக்காரரே அதில் இடம்பெற்றனர். 1914 ஒக்டோபரில் அதன் அதிகாரிகள் 8 பேரும் வீரர் 229 பேரும் கப்பலேறி எகிப்து சென்றனர். பின்னர் பலர் வெவ்வேறு பிரித்தானிய, இந்தியப் படையணிகளில் அதிகாரிகளாயினர். ஆகவே, தோட்டத்திற் கிடைக்கும் தொப்பியில் எந்தப் படையணியின் சின்னமும் இருத்தல் கூடும்.

தியத்தலாவையின் கதை வேறு. 1900 முதல் 1902 வரை ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் அங்கே முகாமில் வைக்கப்பட்டனர். கைதிகளைக் காக்க இலங்கைக்கு வந்த படைகளுள் குளொஸ்டர்ஷயர் படையணியும் ஒன்று. அப்படையினர் தொப்பியின் முன்புறம் மட்டுமன்றிப் பின்புறத்திலும் ஒரு சிறு சின்னம் அணிந்தனர். 1801இல் அலெக்சாந்திரியாவில் முன்னும் பின்னும் பகைவர் சூழ நின்று போரிட்டதன் நினைவு அது. இரண்டாம் உலகப் போரிலோ தியத்தலாவையில் எச்.எம்.எஸ். ஊவா என்னும் கடற்படைத்தளம் இருந்தது. நங்கூரச் சின்னம் பொறித்த தொப்பி, கடலே காணாத மலையூரில் கிடைப்பதன் காரணம் இதுவே.

இனி, அடையாளம் காணும் வகையைக் கருதுவோம். முதலிற் பார்க்கவேண்டியது சின்னத்தின் மேலுள்ள கிரீடம். 1901 முதல் 1953 வரை வழங்கிய அரசர் கிரீடத்தின் வளைவுகள் குவிமாடம்போல் உயர்ந்து நிற்கும். இரண்டாம் எலிசபெத் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவிற் பள்ளமாகத் தாழும். 2022இல் மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் பழைய வடிவத்தையே தழுவிய கிரீடத்தைத் தேர்ந்தமையால், குவிந்த கிரீடம் கண்டவுடன் பழமை என்று முடிவுகட்டுதல் தவறு.

அடுத்தது உட்புறம். சாதாரண வீரனுக்குத் தொப்பியை அரசாங்கமே வழங்கியது. அதனுள்ளே அம்புக்குறியும் ஆண்டும் முத்திரையிடப்பட்டிருக்கும். அதிகாரியோ தன் பணத்தில் தொப்பிக் கடையில் வாங்கினார். ஆகவே உட்துணியிற் கடைக்காரர் பெயரும், தோற்பட்டியின்கீழ் உரிமையாளர் கையெழுத்தும் காணப்படலாம். சிவப்புப் பட்டி தலைமையக அதிகாரிகளையும் உயர்பதவியினரையும் குறிக்கும். முன்விளிம்பிற் பொன்னிழை இலைகள் இருவரிசையாயின் அது ஜெனரல் பதவியினருக்குரியது.

காலக்கணக்கு பொய்யை வெளிப்படுத்தும். இலங்கைத் துப்பாக்கிப் படையணியைச் சேர்ந்த மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் பதுளையின் உதவி அரசாங்க அதிபராயிருந்து, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளைப் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. விளிம்புவைத்த காக்கித் தொப்பியொன்றைக் காட்டி அவருடையது என்று ஒருவர் கூறின் நம்பலாமா? அவ்வகைத் தொப்பி 1902இலேயே அதிகாரிகளுக்கு வந்தது. அவ்வாறே, தோட்டத்தில் துரை வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பியெல்லாம் பட்டாளத்துத் தொப்பி ஆகா. தஞ்சையிற் கைவினைஞர் சிற்பம் செய்யும் அதே நெட்டியினால் ஆனது அது.

தொப்பியைப் பேணுவோர் சின்னத்தை மெருகிட்டுத் தேய்த்தலாகாது. இல்லாத சின்னத்தை வாங்கிப் பொருத்துதலும் ஆகாது. எந்தத் தோட்டத்தில், எவ்வறையிற் கிடைத்தது என்று எழுதிவைத்தலே முதற்கடமை. இடம் தெரியாத தொப்பி ஊமைச்சாட்சி.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என வினவலாம். தோட்டத்தார் காலைக் கணக்கெடுப்பைப் பெரட்டு என்பர். பரேட் என்னும் படைச்சொல்லின் திரிபு அது. படைக்கும் தோட்டத்துக்கும் ஒரே ஒழுங்குமுறை, ஒரே அதிகாரம் என்பதற்கு அச்சொல்லே சாட்சி. 1940இல் பதுளை வேவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது எதிர்த்து நின்றது இவ்வதிகாரத்தையே. 1949இல் தோட்டக்காரர் படை கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், அம்மலைகளை வளம்படுத்திய தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது.

துரையின் தலைக்குக் கிரீடச் சின்னமும் கையெழுத்தும் உண்டு. அவர் யார் என்று நூறாண்டின் பின்னும் கண்டறியலாம். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையிலே தாங்கிய பெண்ணுக்கு அத்தகைய அடையாளம் ஏது? ஆதலின், தொப்பியை ஆராயும் அதே கருத்தோடு லயத்து வீடுகளிலுள்ள பழைய துண்டு, செக்குரோல், கம்பளி, கூடை ஆகியவற்றையும் தேடிப் பேணுவோமாக. அப்பொழுதே ஊவாவின் வரலாறு முழுமைபெறும்.