வண்டியோடு வரும் வெளிச்சம்

திருநெல்வேலிச் சீமையில் மின்சாரத்துக்குக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் பஞ்சாலை வைத்தார்கள். வ.உ.சி. 1908-ல் கோரல் மில் தொழிலாளருக்காக வாதாடிய கதையில் வருகிற அதே ஹார்விகள்தாம். மலையிலிருந்து விழுகிற தாமிரபரணியின் விசையைக் கொண்டே யந்திரங்களைச் சுழற்றினார்கள். 1944-ல் அதே மலைச் சரிவில் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் காற்றாடிகள் எழுந்தன. 2013-ல் கூடங்குளத்து அணு உலையிலிருந்து மின்சாரம் வந்தது. கங்கைகொண்டானிலோ டாட்டா நிறுவனத்தார் வெயிலை மின்சாரமாக்கும் தகடுகளையே செய்ய ஒரு தொழிற்சாலை வைத்தார்கள்.

ஆனால் இவற்றிலிருந்து நமக்கு வருகிற மின்சாரமெல்லாம் கம்பிக்குக் கட்டுப்பட்டது. வீடு இருந்த இடத்தில் இருந்தால்தான் அது வாசலுக்கு வந்து சேரும். வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவனைத் தேடி அது வருவதில்லை. அவனுடைய வெளிச்சம் அவனோடேதான் வர வேண்டும்.

இது புதுச் சங்கடமும் அல்ல. மாட்டு வண்டியின் அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, இராப் பயணம் போன காலத்திலேயே இருந்ததுதான். விடியும்வரை எண்ணெய் காணுமா என்பதைப் புறப்படும்போதே வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார். நடுக்காட்டில் மண்ணெண்ணெய்க் கடைக்கு எங்கே போவது?

1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே உத்தியோகஸ்தர், திருச்சிக்கு வந்திருந்த துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து சலனப்படக் கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகப் புறப்பட்டார். தென்னிந்திய டூரிங் சினிமாவின் ஆரம்பம் அது. அந்நாளில் எத்தனை ஊர்களில் மின்சாரம் இருந்திருக்கும்? ஆகவே கூடாரம், திரை, பெட்டி எல்லாவற்றோடும் வெளிச்சத்துக்கான சாதனத்தையும் சேர்த்தே கட்டிக்கொண்டு போகவேண்டி இருந்தது. பின்னாளில் பேசும் படம் வந்து, டூரிங் டாக்கீஸ்கள் தாமிரபரணிக் கரை ஊர்களில் கொட்டகை போட்டபோது, எண்ணெய் என்ஜினும் டைனமோவும் கூடவே வந்தன. என்ஜின் நின்றால் கதாநாயகியின் அழுகையும் பாதியில் நிற்கும். தியாகராஜ பாகவதரே ஆனாலும் டீசலுக்குக் கட்டுப்பட்டவர்தான்.

ரயில்வேக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். பெட்டியின் அடியில் ஒரு டைனமோவை வைத்து, அச்சோடு அதைப் பட்டையால் இணைத்தார்கள். சக்கரம் சுழலும்போது மின்சாரம் பிறக்கும். வண்டி நிற்கும்போது பாட்டரி ஈடு கொடுக்கும். பாட்டரி கிழடாகிவிட்டால், ஸ்டேஷன் வந்ததுமே விளக்கு மங்கி, புறப்பட்டதும் உயிர் பெறும். பழைய பாஸெஞ்சர் வண்டியில் திருச்செந்தூர் போனவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு காரியம் நடந்தது. 1954-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கான் துண்டின் மேல் வெயிலை விழச் செய்து, உபயோகமான அளவுக்கு மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். விழுந்த வெயிலில் நூற்றில் ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. விலையோ யானை விலை. வீட்டுக் கூரையில் அதை வைக்க யார் துணிவார்கள்? 1958-ல் வான்கார்ட் என்ற சிறு கோளத்தின் மேல் அதை ஒட்டி விண்வெளிக்கு அனுப்பினார்கள். அதில் பாட்டரியால் இயங்கிய ஒலிபரப்பி சில மாதங்களுக்குள் ஓய்ந்துவிட்டது. வெயிலால் இயங்கிய மற்றது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. எந்தக் கம்பியும் எட்டாத யாத்திரிகனுக்குத்தான் இது முதலில் பயன்பட்டது என்பதை நான் எப்போதும் ரசிப்பதுண்டு.

2017-ல் நம் தேசத்தில் இது ரயில் கூரையிலும் இருந்தது. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்த பெட்டிகள் ஆறின் கூரைகளில், பெட்டிக்குப் பதினாறு தகடுகள் வீதம் பொருத்தி, ஜூலையில் டில்லியில் ஓட விட்டார்கள். இழுப்பது டீசல்தான், விளக்கும் விசிறியும் வெயிலில். முழு ரயிலையும் வெயிலே இழுக்கும் என்று ஆசைப்படாமல், தாங்கக் கூடிய சுமையை மட்டும் அதன் தலையில் வைத்தார்களே, அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த நிதானத்தைத்தான் பாளையங்கோட்டையிலுள்ள என் சிநேகிதர் ஒருவருக்கு எடுத்துச் சொல்ல நேர்ந்தது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன வீடு ஒன்று வைத்திருக்கிறார். கூரையில் நூறு வாட் தகடு ஒன்று. உள்ளே பழைய ஈய பாட்டரி. குளிர்ப் பெட்டி வைக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவாகிவிட்டது.

"பெரிய தகடா ரெண்டு வாங்கிப் போட்டுரலாம்னு பாக்கேன், அண்ணாச்சி" என்றார்.

"தகடு இருக்கட்டும் வே. ஒரு நாளைக்கு என்ன செலவுன்னு முதல்ல எழுதும்" என்றேன்.

எழுதினோம். ஒன்பது வாட் பல்பு இரண்டு, ஐந்து மணி நேரம்: 90. இருபத்தெட்டு வாட் விசிறி, பத்து மணி நேரம்: 280. நாற்பத்தைந்து வாட் குளிர்ப் பெட்டி, விட்டு விட்டு ஓடுவதால் பன்னிரண்டு மணி நேரம்: 540. கைப்பேசி வகையறா 80. மொத்தம் 990, ஏறக்குறைய ஒரு யூனிட். 2016-ல் சர்க்கார் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று அறிவித்தது. அதில் ஒன்றை வீட்டில் யார் எண்ணப் போகிறார்கள்? வண்டியிலோ அதுவே முழு வரவு செலவுத் திட்டம்.

நம் பக்கத்து நல்ல வெயிலில் நூறு வாட் தகடு, சேதாரம் போக, நாளைக்குச் சுமார் நானூறு வாட்-மணி தரும். ஆகவே மூன்று தகடு வேண்டும். குளிர் தேசத்தார் தகட்டைச் சாய்த்து வைக்கப் படாத பாடு படுகிறார்கள். திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு ஒன்பது பாகைக்குள் இருப்பதால் நாம் படுக்க வைத்தாலே போதும். ஆனால் வெயில் வேறு, சூடு வேறு. தகடு சூடேற ஏற, பாகைக்குச் சுமார் 0.4 சதவீதம் விளைச்சல் குறையும். கூரைத் தகரத்தோடு ஒட்டிவிடாமல் அடியில் காற்றோட இடைவெளி விட வேண்டும்.

ஈய பாட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். நூறு ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் கைக்குக் கிடைப்பது அறுநூறு வாட்-மணிதான். ஒரு இரவுக்கே இழுபறி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி இருநூறு ஆம்பியர்-மணிக்குப் போட்டால் இரண்டு நாள் தாங்கும். சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவருக்கு அந்த இரண்டாம் நாள் அவசியம். பாட்டரி ஜாதி மாறுவதால் பழைய கன்ட்ரோலரையும் மாற்ற வேண்டும். பாட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும்.

இவ்வளவும் சரிதான். ஆனால் இவர் வண்டியை நிறுத்துவது எங்கே? திருப்புடைமருதூரில், ஆற்றங்கரை மருத மரத்தடியில். அங்கே போய் வெயிலில் நிறுத்துவேன் என்றால் அவரை யார் மதிப்பார்கள்? மனிதனுக்கு நிழல் வேண்டும். தகட்டுக்கு நிழல் ஆகாது. வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றின் மேல் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் வரவையும் அது கெடுக்கும். கடைசியில், இரண்டைக் கூரையில் வைப்பது, மூன்றாவதைக் கழற்றி, நீளமான கனத்த ஒயரோடு மணலில் வெயில் பார்த்துப் போடுவது என்று தீர்மானமாயிற்று.

காகிதத்தை மடிக்கும் நேரத்தில் அவர் மனைவி வந்தார். "மிக்ஸியைக் காணோமே?" என்றார். ஐந்நூறு வாட், ஐந்து நிமிஷம் அரைத்தால் நாற்பத்திரண்டு வாட்-மணிதான். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் பெரிய இன்வர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். அம்மியைக் கொண்டுபோகலாமே என்று சிநேகிதர் யோசனை சொன்னார். அதைத் தூக்குவது யார் என்று அந்த அம்மாள் கேட்டார். இன்வர்ட்டர் பட்டியலில் ஏறியது.